நிலையாமையும் பற்றுக்கோடும்

தோன்றிய பொருள் யாவும் மறையும் என்பது எவரும் அறிந்த உண்மை. எவரும் அறிந்ததாயினும், அது நம் வீட்டு வாயிலில் வந்து நிற்கும்போதே நமக்கு உண்மையாகின்றது. பிறர் வீட்டுச் சாவுக்குச் சென்று, உலக வாழ்வு இவ்வளவுதான் என்று பெருமூச்செறிந்துவிட்டு, படலையைத் தாண்டியதும் காணி விலையைப் பற்றிப் பேசத் தொடங்குதல் மாந்தர் இயல்பு. அறிவு ஒரு பக்கமும் வாழ்வு மறு பக்கமுமாக நிற்கும் இந்நிலையில், நிலையாமை பற்றிய போதனை பலருக்கு வெறும் வாய்ப்பாடமாகவும், இழப்பைக் கண்டவர்க்கு ஆறாத புண்ணில் மீண்டும் தைக்கும் முள்ளாகவும் அமைந்துவிடுகின்றது.

2007ஆம் ஆண்டில் ஒரு நாள், உயர்தர வகுப்பொன்றில் திருக்குறளின் நிலையாமை அதிகாரத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். உரையாசிரியர் கருத்தும் ஒப்புமைப் பகுதிகளும் காட்டிப் பாடத்தை நிறைவு செய்யும் வேளையில், பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, ஒன்றும் நிலையாது என்பது எனக்குத் தெரியும். நிலைப்பது எது என்று இந்த அதிகாரத்தில் இல்லையே” என்றான். 2004 திசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இவ்விலங்கையில் 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. அவர்களுள் ஒருவர் அம்மாணவனின் தாய். தாயையும் வீட்டையும் ஒரே காலைப்பொழுதில் இழந்தவன் அவன். அவ்வேளை மணி அடித்தது. “அது அடுத்த அதிகாரங்களில் வரும்” என்று கூறி வகுப்பை விட்டு வெளியேறினேன். அது பிழையான விடையன்று. ஆயினும் போதிய விடையுமன்று. அன்று கூறாது விட்டதைக் கூற முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலையாமையை ஆழ்ந்து நோக்கிய மக்களுள் தமிழர் முன்வரிசையில் நிற்பர். தொல்காப்பியர் புறத்திணைகளுள் ஒன்றாகக் காஞ்சியை வகுத்து, உலகத்தின் நிலையாமையையே அதற்குப் பொருளாக்கினார். மாங்குடி மருதனார், பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு 782 அடிகளில் மதுரைக்காஞ்சியைப் பாடியது அவன் தோற்று நின்ற வேளையிலன்று. வெற்றியின் உச்சியில் நின்ற வேளையிலேயாம். ஒரு வீட்டில் நெய்தற்பறையும் அடுத்த வீட்டில் மணமுழவும் ஒருங்கே ஒலிக்கக் கேட்ட பக்குடுக்கை நன்கணியாரின் புறநானூற்றுப் பாட்டை அறியாதார் இலர். சமண முனிவரின் நாலடியார் செல்வம், இளமை, யாக்கை என்னும் மூன்றன் நிலையாமையையும் முதல் மூன்று அதிகாரங்களாக வைத்துத் தொடங்குகின்றது. திருமூலர் தம் திருமந்திரத்தின் முதற் றந்திரத்திலேயே இம்மூன்றனோடு உயிர் நிலையாமையையும் சேர்த்துரைக்கின்றார். ஈண்டு உயிர் நிலையாமை என்றது, உயிர் அழியும் என்பதன்று. அஃது ஓர் உடம்பில் நிலைத்துத் தங்காது என்பதாம்.

இவ்வாறு சான்றோர் பலர் நிலையாமையைப் பேசியது மக்களை அழவைத்தற்கா? அன்று. அதனைத் திருக்குறளின் அதிகார வைப்பே காட்டும். துறவறவியலின் 13 அதிகாரங்களைப் பரிமேலழகர் விரதம், ஞானம் என இரு பகுதிகளாகப் பகுப்பர். அருளுடைமை முதல் கொல்லாமை ஈறாக உள்ள ஒன்பதும் விரதம். நிலையாமை, துறவு, மெய்யுணர்தல், அவாவறுத்தல் என்னும் நான்கும் ஞானம். எனவே, நிலையாமை துயரத்தின் முடிவுரையன்று; ஞானத்தின் முதற்படி. முதற்படியிலேயே நின்றுவிடுபவன் வீட்டினுள் புகுந்தவனாகான். அம்மாணவன் கேட்டது அடுத்த படி எங்கே என்னும் கேள்வியேயாகும்.

நிலையாமையைக் கண்டவர் செல்லக்கூடிய வழிகள் மூன்று. எல்லாம் அழிவதால் அழியுமுன் துய்ப்போம் என்பது ஒன்று. எல்லாம் அழிவதால் எதனையும் செய்வதிற் பயனில்லை என்று கை சோர்தல் மற்றொன்று. அழிவதனை அழிவதென்று அறியும் அறிவு, அழியாத ஒன்றனை நோக்கியே எம்மை அழைக்கின்றது என்று கண்டு அதனைத் தேடுதல் மூன்றாவது. முதல் இரண்டும் மாறுபட்டன போலத் தோன்றினும் அடியில் ஒன்றே. இரண்டும் அழிவதற்கு அப்பால் ஒன்றும் இல்லை என்று கொண்டவை. நம் நாட்டிற் பெரும்பான்மையோர் போற்றும் பௌத்த சமயமும் தோன்றிய யாவும் அநித்தியம் என்பதை அடிப்படையாகக் கொண்டது. அவ்வளவிற் சைவர்க்கும் அவர்க்கும் மாறுபாடில்லை. அங்கிருந்து சைவம் எடுத்துவைக்கும் அடுத்த அடி யாது என்பதே நாம் அறியவேண்டுவது.

அவ்வடியை 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் தம் சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்திலேயே எடுத்து வைத்தார். பன்னிரண்டு சூத்திரங்களே கொண்ட அந்நூல், கடவுள் உண்டு என்பதற்கு உலகின் அழகையோ ஒழுங்கையோ முதற் சான்றாகக் கொள்ளவில்லை. உலகின் நிலையாமையையே சான்றாகக் கொண்டது. ஆண், பெண், அஃறிணை எனச் சுட்டியறியப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகின்றது. அறிவில்லாத அது தானே தோன்றவும் தானே ஒடுங்கவும் மாட்டாது. ஆதலின் அதனைத் தோற்றுவித்து ஒடுக்கும் முதல்வன் ஒருவன் உளன். அவன் தானும் ஒடுங்குவானாயின் ஒடுங்கியதனை மீளத் தோற்றுவிப்பார் இலர். ஆகவே, எல்லாம் ஒடுங்கியபோதும் ஒடுங்காது நிற்பவன் எவனோ, அவனே முதல்வன். எந்த நிலையாமையைக் கண்டு மனிதன் கடவுள் இல்லையோ என்று ஐயுறுகின்றானோ, அந்த நிலையாமையே கடவுள் உளன் என்பதற்கு ஏதுவாயிற்று. இதனை மாணாக்கர் கூர்ந்து நோக்குதல் வேண்டும்.

இனி, ஒடுங்குதல் என்பது இல்லாதொழிதல் அன்று என்பதும் சித்தாந்தத்தின் துணிபு. இதனைச் சற்காரியவாதம் என்பர். நம்மூர் எடுத்துக்காட்டொன்றால் இது விளங்கும். பனங்கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கி மண்ணால் மூடுகின்றோம். கண்ணுக்குக் கொட்டை மறைந்தது. மண்மேடு ஒன்றே தெரிகின்றது. பனையை அறியாத ஒருவன் அங்கு வந்தால், ஏதோ ஒன்றைப் புதைத்துவிட்டார்கள் என்றே கருதுவான். சில மாதங்களின் பின் அம்மேட்டைக் கிளறிக் கிழங்கு எடுக்கின்றோம். கொட்டையுள் இருந்தது தன் பழைய வடிவை இழந்தது, இன்மையாகவில்லை. உலகம் ஒடுங்குதலும் அத்தகையதே. வடிவுதான் நிலையாதது, பொருள் தன் காரணத்தில் நுண்மையாய் நிற்கும். ஆதலின் சைவசித்தாந்தி உலகைப் பொய் என்று கூறான். நிலையாதது என்றே கூறுவான். பொய் வேறு, நிலையாதது வேறு. பெற்ற தாயின் அன்பு பொய்த்தோற்றம் என்று சொல்லும் தத்துவம் எதுவும் இழந்தவனுக்கு ஆறுதலாகாது. அது மெய், ஆயினும் அதன் வடிவு நிலையாதது என்று கூறுவதே உண்மையோடும் நெஞ்சோடும் பொருந்துவது.

அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் இதற்கும் மேலே செல்கின்றார். இறைவன் இயற்றும் ஐந்தொழில்களும் அருளே என்பது அவர் கொள்கை. அழித்தற்றொழிலுக்கு அவர் காணும் பயன், பிறந்திறந்து இளைத்த உயிர்களுக்கு இளைப்பாற்றுதல். பகலெல்லாம் ஓடியாடிய குழந்தையைத் தாய் விளையாட்டுப் பொருள்களிடமிருந்து பிரித்து உறங்கச் செய்கின்றாள். குழந்தை அழுகின்றது, பொருள்கள் பறிக்கப்பட்டன என்றே அது நினைக்கின்றது. தாயோ பறிக்கவில்லை, ஓய்வு கொடுக்கின்றாள். உண்மை விளக்கம் கூத்தப்பிரானின் திருவுருவில் இவ்வைந்தொழிலையும் காட்டும். துடி ஏந்திய கை படைத்தல். அமைத்த கை காத்தல். அனல் ஏந்திய கை அழித்தல். ஊன்றிய திருவடி மறைத்தல். தூக்கிய திருவடி அருளல். பொலன்னறுவைச் சிவாலயங்களில் அகழ்ந்தெடுக்கப்பட்டுக் கொழும்பு நூதனசாலையிற் பேணப்படும் நடராசர் திருவுருவங்களைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். அனலேந்திய கையும் அஞ்சேல் என்ற கையும் இருவேறு தெய்வங்களுடையனவல்ல. ஒரு திருமேனியின் இரு கைகள் அவை. அனலை மட்டும் கண்டு நடுங்குபவன் பாதித் திருவுருவையே கண்டவனாவான்.

இத்துணையும் இறைவனைப் பற்றியது. உயிரைப் பற்றிச் சித்தாந்தம் கூறுவது யாது? உயிர் எதனைச் சார்கின்றதோ அதன் தன்மையாய் நிற்பது. செம்மலரின் அருகே வைத்த பளிங்கு சிவந்து தோன்றுவது போல, உயிர் தான் சார்ந்த பொருளின் வண்ணத்தைத் தன் வண்ணமாகக் கொள்ளும். சாராது தனித்து நிற்றல் அதற்கு இயலாது. செல்வத்தைச் சார்ந்த உயிர் செல்வம் குறையத் தானும் குறைகின்றது. பதவியைச் சார்ந்த உயிர் பதவி நீங்கத் தானும் ஒழிந்தது போலாகின்றது. ஆகவே நம் துன்பத்துக்குக் காரணம் பொருள்கள் அழிவது மட்டுமன்று. அழியும் பொருளின்மேல் முழுப் பாரத்தையும் சாய்த்து நின்றதுமாகும். அழியாத முதல்வனைச் சாரும் உயிரோ அவன் வண்ணமாகின்றது. பற்றை விடுதற்கும் ஒரு பற்றே துணை என்று வள்ளுவர் துறவு அதிகாரத்தின் முடிவிற் காட்டியதும் இதுவே. கொழுகொம்பு இன்றிக் கொடியைத் தரையிலிருந்து பிரித்தால் அது வாடும். கொம்பிற் படரவிட்டால் தரையைத் தானே விடும்.

நம்பிக்கை என்னும் சொல்லும் இதனையே உணர்த்தும். நம்பு என்னும் உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியர் கூறும் பொருள் நசை, அஃதாவது விருப்பம். இன்று நாம் நம்பிக்கை என்பதை, நாளை நல்லதே நடக்கும் என்னும் எதிர்பார்ப்பாகக் குறுக்கிவிட்டோம். பரீட்சையிற் சித்தியடைதல், நோய் தீர்தல், வெளிநாட்டுப் பயணம் கைகூடல் என்பவற்றுக்காக நேர்த்திவைத்து, அவை நிறைவேறாவிடின் கடவுள் கைவிட்டார் என்கின்றோம். இது கடவுளை நம்பியதன்று, பரீட்சையை நம்பியதேயாம். கடவுளிடம் வைக்கும் நம்பிக்கை அவர் தரும் பொருளில் வைத்த விருப்பமன்று, அவர்மேல் வைத்த அன்பு. எதிர்பார்ப்பு பொய்க்கலாம், அன்பு பொய்ப்பதில்லை.

இங்கே ஒரு தடை எழும். அன்பு வைத்தவரின் தாயை அலை கொண்டு சென்றதே. அதற்கு என்ன விடை? வினைப்பயன் என்று ஒரு சொல்லிற் கூறி முடித்துவிடுவாரும் உளர். வினைக்கொள்கை சைவத்துக்கு இன்றியமையாதது. அதனை மறுப்பார் இலர். ஆயினும் அஃது ஒருவன் தன் துன்பத்தைத் தாங்குதற்கும் தன் செயலைத் திருத்துதற்கும் தரப்பட்ட விளக்கேயன்றி, பிறன் துன்பத்தை அளந்து தீர்ப்புரைத்தற்குத் தரப்பட்ட கோலன்று. துயருற்றவன் முன்னிலையில் வினையைப் பேசுபவன் உண்மையைப் பேசினானாயினும் அருளைப் பேசினானல்லன். இழப்பு வராது என்று சைவம் எவர்க்கும் உறுதி கூறவில்லை. இழந்த உயிர் இன்மையாகவில்லை. அதனையும் எஞ்சி நிற்கும் உன்னையும் தாங்குபவன் ஒருவனே. அவன் அழிவதில்லை என்பதே அதன் உறுதிமொழி.

இவ்வுறுதிமொழியை வாழ்ந்து காட்டிய ஓர் உடன்பிறப்பு இணையைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திற் காட்டுகின்றார். திருவாமூரிற் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகளாய்ப் பிறந்த திலகவதியாரைக் கலிப்பகையாருக்கு மணம் பேசியிருந்தனர். கலிப்பகையார் அரசன் ஏவலாற் போருக்குச் சென்றார். தந்தை நோயுற்று இறந்தார். தாயும் உடன் உயிர் நீத்தார். போர்க்களத்திற் கலிப்பகையார் பட்டார் என்னும் செய்தியும் தொடர்ந்து வந்தது. உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பி மருணீக்கியாருக்காக அத்துணிவைக் கைவிட்டு வாழ்ந்தார்.

தம்பியார் நிலையாமையைக் கண்ணாற் கண்டவர். கண்டதும் செல்வத்தை வாரி வழங்கினார். அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தரும் அமைத்தார். பின் மெய்ந்நெறி தேடிச் சமணம் புகுந்து தருமசேனராயினார். நிலையாமையறிவு அவரைத் துறவுக்குக் கொண்டுசென்றது, சார்புக்குக் கொண்டுசெல்லவில்லை. சூலைநோய் குடலைக் குடைந்தபோது அத்துறவு துணை நிற்கவில்லை. இரவோடிரவாகத் தமக்கையாரிடம் வந்து அடிவீழ்ந்தார். அவரிடம் திருநீறு பெற்று, வைகறையில் அவர் பின்னே திருவதிகை வீரட்டானம் சென்று, முதற் பதிகம் பாடினார். நோய் நீங்கிற்று, திருநாவுக்கரசராயினார்.

இக்கதையில் நாம் பெரும்பாலும் சூலை தீர்ந்ததையே வியக்கின்றோம். வியக்கத்தக்கது பிறிதொன்றுண்டு. மூன்று சாவுகளைத் தொடர்ந்து கண்ட திலகவதியார் அத்துணை ஆண்டுகளும் செய்தது யாது? திருவதிகைத் திருக்கோயிலின் முற்றத்தை நாள்தோறும் கூட்டினார், மெழுகினார், பூக்கொய்து மாலை தொடுத்தார். தம்பியார் பின்னர்க் கையில் ஏந்தியதும் உழவாரமே. கோயில் வீதிகளிற் புல் செதுக்கும் கருவி அது. கூட்டிய முற்றத்தில் மறுநாளும் சருகு விழும்; செதுக்கிய வீதியில் மழைக்குப்பின் மீண்டும் புல் முளைக்கும். உலகத்தொழில்களில் இவற்றைவிட நிலையாத தொழில் உண்டோ? நிலைத்த பொருளைக் கண்டவர்கள் நிலையாத இத்தொழிலையே தேர்ந்து, முதுமைவரை சலியாது செய்தார்கள். திருப்புகலூரில் உழவாரம் இடும்போது பருக்கைக் கற்களோடு பொன்னும் மணியும் கிடந்தன. அவற்றையும் கற்களோடு வாரி நீரில் எறிந்துவிட்டுத் தம் பணியைத் தொடர்ந்தார் நாவுக்கரசர் என்பர் சேக்கிழார். பொன்னை வேண்டாமை துறவு. பணியை விடாமை அன்பு. பயன் நிலைக்குமா என்று பாராது, யாருக்காகச் செய்கின்றோம் என்பதைப் பார்த்துச் செய்வதே கடவுள் நம்பிக்கையின் செயல்வடிவம்.

இனி, நம் ஈழநாட்டை நோக்குவோம். கல்லும் நிலையாது என்பதை நம் முன்னோர் நேரிற் கண்டனர். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை 1621இலும், திருக்கோணேச்சரத்தை 1622இலும் போர்த்துக்கேயர் இடித்தனர். திருக்கேதீச்சரமும் அவர்களால் அழிந்தது. விரத நாளில் உண்ட வாழையிலையைக் கூரையிற் செருகி மறைத்து, வீட்டினுள்ளேயே வழிபட்டனர் நம்மவர் என்பது யாழ்ப்பாணத்தில் வழிவழி வழங்கும் செய்தி. கோயில் இல்லாத அக்காலத்திலும் வழிபாடு இருந்தது என்பதை இங்குக் கருதுக. 1872இல் ஆறுமுக நாவலர், கேதீச்சரத்தை மீட்டெடுக்குமாறு சைவ மக்களை வேண்டினார். அப்பணி 1976இற் குடமுழுக்காயிற்று. போரினாற் பின்னும் ஊறுபட்ட அக்கோயில், கருங்கற்றிருப்பணி நிறைவுற்று 2022இல் மீண்டும் குடமுழுக்குக் கண்டது. கோணமலையில் 1950இற் கிணறு தோண்டியபோது பழைய செப்புத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1963இற் புதிய கோயில் குடமுழுக்காடியது. இவற்றைக் கூறுவது, கோயில்கள் இனி அழியா என்று கூறுதற்கன்று. அவையும் தோன்றிய பொருள்களே. கல் வீழ்ந்தபோது உடன் வீழாத சார்பு ஒன்று மக்கள் நெஞ்சில் இருந்தது. அதுவே கல்லை மீண்டும் எடுத்து நிறுத்தியது என்பதற்கே கூறினேன்.

இப்பொருளை நூல்களிற் கற்குமுன்னரே ஒருவர் எனக்குக் கற்பித்திருந்தார். அவர் பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத என் அம்மம்மா. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஓரிரவில் ஊரை விட்டு நடந்தபோது எனக்குப் பதினாறு வயது. ஆளுக்கொரு மூட்டையாகத் தூக்கினோம். அம்மம்மா திருநீற்றுச் சம்புடத்தை மட்டும் மடியிற் கட்டிக்கொண்டார். தென்மராட்சியில் ஒரு மரத்தடியிற் சில நாள் தங்க நேர்ந்தது. முதல் நாள் விடியலிலேயே ஈர்க்குக் கட்டொன்றை எங்கிருந்தோ தேடியெடுத்து அவ்விடத்தைக் கூட்டி, நீர் தெளித்து, திருநீறணிந்து, தாம் அறிந்த தேவாரமொன்றை மெல்லப் பாடினார். “நாளைக்கு விட்டுவிட்டுப் போகிற இடத்தை ஏன் கூட்டுகிறீர்கள்?” என்று நான் எரிச்சலோடு கேட்டேன். “இண்டைக்கு இஞ்சதானே மோனை இருக்கிறம்” என்றார். மீண்டும் ஊர் திரும்பியபோது எங்கள் வீடு கூரையின்றி நின்றது. அம்மம்மா வளவை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு முற்றத்தைக் கூட்டத் தொடங்கினார். திலகவதியாரின் வரலாற்றைப் பின்னாளிற் படித்தபோது, நான் முன்பே கண்ட ஒருவரைப் பற்றிப் படிப்பதாகவே எனக்குத் தோன்றிற்று.

ஆகவே, அம்மாணவனுக்கு இன்று நான் கூறக்கூடிய விடை இது. நிலைப்பது எது என்று நீ கேட்டாய். இறைவன் நிலைப்பவன், அவனைச் சார்ந்த உயிர் நிலைப்பது. உன் தாயின் வடிவு மறைந்தது. உன் தாயாய் நின்ற உயிர் மறையவில்லை. அவ்வுயிர்க்கும் உனக்கும் பொதுவான பற்றுக்கோடு அன்றும் இன்றும் ஒன்றே. இதனை வாதத்தால் ஒருவாறு அறியலாம். சார்ந்து நின்றே முற்ற அறியலாம். அழுகை வந்தால் அழுக; நாவுக்கரசரும் அழுதவரே. அழுது முடித்தபின் எழுந்து, உன்முன் கிடக்கும் முற்றத்தைக் கூட்டுக.

கல்லூரி வாழ்வும் நிலையாததே. வகுப்புகள் மாறுகின்றன, ஆசிரியர் ஓய்வு பெறுகின்றனர், பழைய மாணவர் திரும்பி வரும்போது தாம் எழுதிய மேசையையும் காணார். ஆயினும் நாள்தோறும் காலையில் மணி அடித்ததும் திருமுறை ஓதி, புத்தகத்தைத் திறக்கின்றோம். அழியும் உடம்பில் இருந்துகொண்டு, அழியும் தாளில் எழுதிக்கொண்டு, அழியாதவன் ஒருவனுக்கு அதனைப் பணியாகச் செய்கின்றோம் என்னும் நினைவு இருக்குமாயின், நம் கல்வி வீணாகாது. நிலையாமையை அறிதல் ஞானத்தின் தொடக்கம்; நிலைத்தவனைச் சார்தல் அதன் பயன்; சார்ந்து நின்று இன்றைய பணியை இன்றே அன்போடு செய்தல் அதன் வாழ்வு.